பொட்டுக்குப் பொட்டு சேர்ந்திருந்தது, இழுவை இல்லை: ஒரு ஜிப்ஸியின் கேம் டைமிங்

ஆடிக் கச்சான் காற்று அடித்து ஓய்கிற நேரம். உச்சிப்புளிப் பக்கம் இருக்கிற என் பட்டறைக்கு ஒரு ஜிப்ஸி கிங் வந்தது. கார்புரேட்டர் வைத்த பழைய 1.3, எட்டு வால்வு. ஓட்டி வந்தவர் கீழக்கரைக்காரர். வளைகுடாவில் பல வருடம் வேலை பார்த்து, அங்கே மணல்மேட்டில் வண்டி ஓட்டிப் பழகியவர். ஊர் திரும்பும்போது பெர்ஃபார்மன்ஸ் கேம் (வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு) ஒன்றும், அந்தக் கேமை முன்னே பின்னே திருப்பிவைக்க ஒரு அட்ஜஸ்டபிள் புல்லியும் கையோடு கொண்டுவந்திருக்கிறார். வெளியூர்ப் பட்டறை ஒன்றில் மாட்டியாயிற்று. அன்றிலிருந்து நான்கு மாதமாக வண்டி அவருக்குப் பிடிபடவே இல்லை.

“அண்ணே, மூவாயிரத்துக்கு மேல போனா பறக்குது. அதுக்குக் கீழ செத்த வண்டி. கரையில இருந்து ஃபைபர் போட்டை டிரெய்லர்ல ஏத்தி இழுத்தா கிளட்ச் கருகுது. இதுக்குப் பழைய கேமே தேவலை.”

சொன்னதோடு நிற்காமல் பாம்பன் பாலத்துக்கும் என்னைக் கூட்டிப் போனார். பாலம் நடுவில் உயர்ந்து இறங்கும் அல்லவா, அந்த ஏற்றத்தில் மூன்றாம் கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஆக்சிலேட்டரை மிதித்தார். வண்டி மூச்சுவிட்டது, நகரவில்லை. இரண்டாம் கியருக்கு இறக்கி எஞ்சின் சுற்று ஏறியதும் ஆளே மாறினமாதிரி பாய்ந்தது. எதிர்க்காற்று இருந்தது உண்மைதான். ஆனால் காற்று எல்லாக் கியரிலும்தானே அடிக்கிறது.

நான்கு மாதத்தில் அவர் மாற்றாத பொருள் இல்லை. கார்புரேட்டர் ஜெட், ஆக்சிலேட்டர் பம்ப் டயஃப்ரம், பிளக், பெட்ரோல் பம்ப், கடைசியில் கிளட்ச் பிளேட். ஒவ்வொரு இடத்திலும் முன்கவரைக் கழற்றி டைமிங் பெல்ட்டையும் புல்லியில் இருக்கிற பொட்டு அடையாளத்தையும் பார்த்திருக்கிறார்கள். “பொட்டுக்குப் பொட்டு சரியா இருக்கு” என்று மூடியிருக்கிறார்கள். பொட்டு சரியாகத்தான் இருந்தது. நானும் பார்த்தேன்.

எதையும் கழற்றுவதற்கு முன்

முதலில் கம்ப்ரஷன். எஞ்சின் சூடாக, நான்கு பிளக்கும் கழற்றி, திராட்டிலை முழுக்கத் திறந்துவைத்துப் பார்த்தேன். 128, 127, 129, 128 பி.எஸ்.ஐ. குறைவுதான். ஆனால் நான்கும் ஒரே அளவில் குறைவு. ரிங் தேய்ந்திருந்தாலோ வால்வு கசிந்தாலோ இப்படி ஒற்றுமையாகக் குறையாது, ஒரு சிலிண்டராவது முன்னே பின்னே இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தேன், பெரிய மாற்றமில்லை. அப்படியானால் காற்று கசியவில்லை, முதலிலேயே சரியாக அடைபடவில்லை.

ஐடிலிங்கில் மேனிஃபோல்டின் வேக்குவம், அதாவது எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற அளவு, 11 அங்குலத்தைத் தாண்டவில்லை. பெரிய கேமுக்கு வேக்குவம் கொஞ்சம் குறையும், அதுவும் ஊசி ஆடும். ஆனால் இந்தக் கேமின் அளவுக்கு 11 மிகக் குறைவு.

மூன்றாவதாகக் கண்ணில் பட்டதுதான் என்னை உட்காரவைத்தது. டிஸ்ட்ரிபியூட்டரை அட்வான்ஸ் பக்கம், அதாவது பொறி முந்தி வருகிற பக்கம், திருப்பித் திருப்பி, அதன் ஸ்லாட் முடிகிற இடத்துக்கே கொண்டுபோய் இறுக்கியிருந்தார்கள். இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் கேமின் பின்முனையிலிருந்து ஓடுகிறது. கேம் பிந்தினால் தீப்பொறியும் கூடவே பிந்தும். யாரோ ஒருவர் டைமிங் லைட் வைத்துப் பார்த்து, பொறி பிந்தியிருக்கிறது என்று கண்டு, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிச் சரிசெய்திருக்கிறார். பொறி ஏன் அவ்வளவு பிந்தியது என்று கேட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும்.

கேம் கார்டு சொன்னது

நல்லவேளை, கேமோடு வந்த அட்டையை அவர் தூக்கிப்போடவில்லை. டேஷ்போர்டு பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தார். அதில் இருந்தவை: 1 மி.மீ. வால்வு எழுச்சியில் டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் அளவு) இரண்டு வால்வுக்கும் 224 டிகிரி. இன்டேக் சென்டர்லைன் டாப் சென்டருக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) பின் 106. எக்ஸாஸ்ட் சென்டர்லைன் டாப் சென்டருக்கு முன் 110. டேப்பட் இடைவெளி இன்டேக்குக்கு 0.20 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 0.25 மி.மீ.

இந்தச் சில எண்களுக்குள் எல்லாமே அடங்கியிருக்கிறது. 224-இல் பாதி 112. இன்டேக் வால்வு உச்சிக்குப் போகும் இடம் 106 என்றால், 1 மி.மீ. திறப்பது 112 டிகிரி முன்னால், அதாவது டாப் சென்டருக்கு 6 டிகிரி முன். மூடுவது 218-இல், அதாவது பாட்டம் சென்டரைத் தாண்டி 38 டிகிரி. எக்ஸாஸ்ட் பாட்டம் சென்டருக்கு 42 டிகிரி முன் திறந்து, டாப் சென்டரைத் தாண்டி 2 டிகிரியில் மூடும். இங்கே சொல்கிற டிகிரி எல்லாம் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டு, திரும்பும் டிகிரி. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. இந்த இரட்டைக் கணக்கில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள், என் பட்டறையிலும் அது நடந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இழுவையைத் தீர்மானிப்பதில் இந்த நான்கு புள்ளிகளில் பெரிய பங்கு இன்டேக் மூடுகிற நேரத்துக்கு. பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே வரத் தொடங்கிய பிறகும் இன்டேக் திறந்தே இருக்கிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது உள்ளே பாய்கிற காற்றுக்குத் தன் வேகமே போதும், பிஸ்டன் எதிரே வந்தாலும் கொஞ்ச நேரம் உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். மெதுவாகச் சுற்றும்போது அந்த உந்துதல் இல்லை. ஏறி வருகிற பிஸ்டன் உள்ளே வந்த கலவையையே திருப்பி மேனிஃபோல்டுக்குள் தள்ளிவிடும். பெரிய கேம்களுக்குக் கீழ்ச் சுற்றில் இழுவை குறைவது இதனால்தான். அந்தக் கேமை இன்னும் பிந்தவைத்து மாட்டினால் கேட்கவே வேண்டாம்.

பொட்டு என்பது கம்பெனி கேம், கம்பெனி ஹெட் உயரம், புது சாவி (கிராங்க் ஸ்ப்ராக்கெட்டைத் தண்டோடு பூட்டுகிற இரும்புத் துண்டு), புது பெல்ட் என்று எல்லாம் பிறந்தபடி இருக்கும்போது பெல்ட்டை எந்தப் பல்லில் போடவேண்டும் என்று காட்டுகிற அடையாளம். அவ்வளவுதான். 40 பல் உள்ள கேம் புல்லியில் ஒரு பல் நகர்ந்தாலே 9 டிகிரி, கிராங்கில் 18 டிகிரி. ஒரு பல்லுக்குள் சில டிகிரி தள்ளியிருந்தால் பொட்டு கண்ணுக்குச் சேர்ந்த மாதிரிதான் தெரியும்.

டிகிரி தட்டு

கிராங்க் எத்தனை டிகிரி திரும்புகிறது என்று அளக்கக் கடையில் கிடைக்கிற சின்னத் தட்டு எனக்குப் பிடிக்காது. போட் கட்டுகிற இடத்தில் மிஞ்சிய மரைன் பிளைவுட்டில் 36 செ.மீ. விட்டத்தில் வட்டம் வெட்டி, அதன்மேல் பிரிண்ட் எடுத்த டிகிரி வட்டத்தை ஒட்டி வார்னிஷ் அடித்து வைத்திருக்கிறேன். 36 செ.மீ. என்றால் விளிம்பில் ஒரு டிகிரிக்கு 3.14 மி.மீ. இடம் கிடைக்கும். அரை டிகிரியைக் கண்ணாலேயே படிக்கலாம். உள்ளங்கை அளவுத் தட்டில் ஒரு டிகிரி ஒரு கோட்டின் தடிமன்தான்.

இந்த வேலையில் எனக்கு முதல் பாடம் என் மாமாவிடம். அவர் போட் டீசல் எஞ்சின் மெக்கானிக். தட்டு கிட்டு எதுவும் கிடையாது. ஃப்ளைவீலைச் சுற்றி நூல் கட்டி எடுத்து, மூன்றாய் மடிப்பார், மறுபடி மூன்றாய், பிறகு இரண்டாய். பதினெட்டில் ஒரு பங்கு, அதாவது 20 டிகிரி. டாப் சென்டரிலிருந்து அந்த நீளத்தைத் திருப்பி அளந்து சாக்பீஸ் கோடு போடுவார். ஃப்ளைவீல் பெரிது, அதனால் கோடு துல்லியம். தட்டு பெரிதாக இருக்கவேண்டும் என்பதை அவர் வாயால் சொன்னதில்லை, பார்த்துப் புரிந்துகொண்டது.

தட்டை கிராங்க் போல்ட்டில் இறுக்கி, தடித்த கம்பி ஒன்றை வளைத்து முள்ளாக எஞ்சினில் கட்டினேன். இனி உண்மையான டாப் சென்டர். டயல் கேஜை பிளக் ஓட்டையில் விட்டு ‘எங்கே பிஸ்டன் நிற்கிறதோ அதுதான் டாப்’ என்று பார்க்கிறவர்கள் உண்டு. இந்த எஞ்சினின் ஸ்ட்ரோக் 75.5 மி.மீ. டாப் சென்டரைவிட்டு 2 டிகிரி தள்ளினால் பிஸ்டன் இறங்குவது ஏறக்குறைய 0.03 மி.மீ.தான். அந்த இடத்தில் கிராங்க் திரும்புகிறது, பிஸ்டன் அசைவதே இல்லை என்று சொல்லலாம். அங்கே நின்று உச்சியைத் தேடினால் கிடைக்காது.

அதனால் பிஸ்டன் ஸ்டாப். பழைய பிளக் ஒன்றின் உள்ளே இருந்ததைத் தட்டி எடுத்து, முனை உருண்ட போல்ட்டை அதில் திருகி, முதல் சிலிண்டரில் மாட்டினேன். கையால் மெதுவாகச் சுற்றி பிஸ்டன் முட்டி நின்ற இடம் ஒரு பக்கம் 38. எதிர்த்திசையில் சுற்றி முட்டிய இடம் 44. இரண்டும் சேர்ந்து 82, பாதி 41. தட்டை 3 டிகிரி நகர்த்தி இரண்டு பக்கமும் 41 வரும்படி வைத்தேன். இப்போது முள் பூஜ்யத்தில் நின்றால் பிஸ்டன் உச்சியில். ஸ்டாப்பை எடுக்காமல் ஸ்டார்ட்டரைத் தொடக்கூடாது என்பதை மட்டும் பட்டறைப் பையனிடம் இரண்டு முறை சொன்னேன்.

உப்பு செய்த வேலை

டேப்பட்டை அட்டையில் சொன்ன இடைவெளிக்கு வைத்து, டயல் கேஜின் முனையை முதல் சிலிண்டர் இன்டேக் வால்வின் ரிடெய்னர்மேல் வைத்தேன். கேஜின் தண்டு வால்வு தண்டுக்கு இணையாகச் சாய்ந்திருக்கவேண்டும். நேராக நிறுத்தி, வால்வு சாய்ந்திருந்தால் எழுச்சி தவறாகக் காட்டும்.

சென்டர்லைனை அளக்கிறபோது வால்வின் உச்சியை நேராகத் தேடக்கூடாது. கேமின் மூக்கும் பிஸ்டனின் உச்சி போலத்தான், கொஞ்ச தூரம் தட்டையாக நிற்கும். முழு எழுச்சியில் கேஜைப் பூஜ்யம் வைத்து, ஏறும்போது உச்சிக்கு 1 மி.மீ. குறைவாக இருக்கும் இடத்தில் ஒரு டிகிரி, இறங்கும்போது அதே 1 மி.மீ. குறைவில் இன்னொரு டிகிரி. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் சென்டர்லைன்.

முதல் முறை ஏறும்போது 74 வந்தது. இரண்டாம் முறை 76. மூன்றாம் முறை 73. கிராங்கை எப்போதும் எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்றினேன், கோட்டைத் தாண்டிவிட்டால் கால் சுற்றுப் பின்னால் போய்த் திரும்ப வந்தேன், பெல்ட்டின் தளர்வு உள்ளே நுழைய வழியில்லை. பிறகு ஏன்?

கேஜைக் கழற்றித் தண்டை விரலால் அமுக்கிவிட்டேன். மேலே திரும்பும்போது ஒரு இடத்தில் தயங்கி, பிறகு வந்தது. இந்தக் கடற்கரையில் பட்டறை நடத்துகிறவர்களுக்கு இது புதிதில்லை. கச்சான் அடிக்கிற மாதங்களில் ஸ்பானர்மேலேயே பிசுபிசுவென்று உப்பு படியும். முந்தைய வாரம் பையன் நல்லெண்ணத்தில் கேஜின் தண்டுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறான். உப்பும் தூசியும் எண்ணெயில் ஒட்டிப் பசையாகிவிட்டது. கேஜின் தண்டுக்கு எண்ணெயே போடக்கூடாது. சுத்தமான பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைத்து, காயவைத்து, பத்து முறை அமுக்கிப் பார்த்து, மறுபடி மாட்டினேன். இப்போது மூன்று முறையும் 74. இறங்கும்போது மூன்று முறையும் 153.

74-உம் 153-உம் 227. பாதி 113.5.

அட்டை கேட்பது 106. கேம் 7.5 டிகிரி பிந்தியிருக்கிறது. 1 மி.மீ. புள்ளிகளையும் தனியாக அளந்தேன்: திறப்பு டாப் சென்டருக்குப் பின் 1.5, மூடுவது பாட்டம் சென்டரைத் தாண்டி 45.5. கூட்டிக் கழித்தால் டியூரேஷன் அதே 224. கேம் அட்டையில் சொன்ன கேம்தான், அரைத்ததில் பிசகில்லை. நிற்கிற இடம்தான் தப்பு.

45.5 டிகிரி என்றால் பிஸ்டன் பாட்டத்திலிருந்து 8 மி.மீ.க்கு மேல் ஏறிய பிறகுதான் கம்ப்ரஷனே தொடங்குகிறது. 75.5-இல் 8 போய்விட்டது. நான்கு சிலிண்டரும் ஒன்றுபோல 128 காட்டியதற்குக் காரணம் இதுதான்.

7.5 டிகிரி எங்கிருந்து வந்தது

இதைத் தேடாமல் புல்லியை மட்டும் திருப்பிச் சரிசெய்துவிடலாம். நான் அப்படிச் செய்யமாட்டேன். காரணம் தேய்மானமாக இருந்தால் அது நாளைக்கு இன்னும் வளரும்.

முதலில் கிராங்க் ஸ்ப்ராக்கெட். கையால் பிடித்து ஆட்டினால் ஆடியது. போல்ட்டைக் கழற்றி ஸ்ப்ராக்கெட்டை இழுத்துப் பார்த்தால் சாவியின் ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்து படிக்கட்டுப் போல இருந்தது. இந்த வரிசை சுசூகி எஞ்சின்களில் கிராங்க் போல்ட் சரியாக இறுகாமல் ஓடினால் வருகிற கோளாறு இது, பல நாட்டு மெக்கானிக்குகளுக்கும் தெரிந்தது. ஸ்ப்ராக்கெட் கிராங்கைவிடப் பிந்தி நிற்கும், அதோடு கேமும். அதிர்ஷ்டவசமாகக் கிராங்கின் காடி கெடவில்லை. புதுச் சாவி, புது ஸ்ப்ராக்கெட், புது போல்ட், அதன் மரையில் லாக்கிங் பசை, டார்க் ரெஞ்ச் வைத்து மேனுவல் அளவுக்கு இறுக்கம். மறுபடி டாப் சென்டர் பிடித்து அளந்தபோது சென்டர்லைன் 111.5. இரண்டு டிகிரி அங்கே.

அடுத்தது ஹெட். உயரத்தை அளந்ததில் இரண்டு தடவை ஃபேஸ் அடித்து, அதாவது அடிப்பக்கத்தைச் சீவி, மொத்தம் 0.8 மி.மீ. எடுத்திருந்தார்கள். ஹெட் கீழே இறங்கினால் கேமும் கிராங்கும் நெருங்கும். பெல்ட்டின் இழுக்கிற பக்கம் தளரும், டென்ஷனர் இருப்பதோ மறுபக்கம். அந்தத் தளர்வைக் கிராங்க் திரும்பித்தான் எடுத்துக்கொள்ளவேண்டும், அதனால் கேம் பிந்தும். புல்லியின் விட்டம் 100 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 0.8 மி.மீ.க்கு கேமில் 0.9 டிகிரி, கிராங்கில் 1.8 டிகிரி. மேல்கேம் பெல்ட் எஞ்சின் எதிலும் ஹெட் ஃபேஸ் அடித்தால் இது நடந்தே தீரும். லேத் பட்டறையில் ஹெட் கொடுக்கும்போது எவ்வளவு எடுத்தார்கள் என்று எழுதி வாங்குகிற பழக்கம் நம்மிடம் வரவேண்டும்.

மிச்சம் 3.7 டிகிரி. கேமில் புல்லியைப் பிடிக்கிற ஊசி (பின்) உட்காரும் துளைக்கும் மூக்குக்கும் நடுவே இருக்கிற கோணம், புல்லியின் பூஜ்யக் கோடு, பெல்ட் எல்லாமாகச் சேர்ந்தது அது. கேமில் 1.85 டிகிரி. அட்ஜஸ்டபிள் புல்லி என்ற பொருளே இதற்காகத்தான் இருக்கிறது. அதைப் பூஜ்யத்தில் வைத்து இறுக்கி மாட்டியிருந்தார்கள். ஆறு போல்ட்டின் தலையிலும் ஸ்பானர் பட்ட தடமே இல்லை. அதைப் பார்க்க எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. அவ்வளவு தூரம் சுமந்துவந்த பொருள்.

எங்கே வைப்பது

அட்டை 106 சொல்கிறது. அது கேம் செய்தவர் சொல்கிற தொடக்கம். இந்த வண்டி மணலில் போகிற வண்டி, கரையில் டிரெய்லர் இழுக்கிற வண்டி. கேமை முன்னுக்கு நகர்த்தினால் இன்டேக் சீக்கிரம் மூடும், கீழ்ச் சுற்றில் இழுவை கூடும், மேல்சுற்றில் கொஞ்சம் குறையும். பின்னுக்கு நகர்த்தினால் மாறாக. ரேஸ் டிராக்கில் ஓடுகிற வண்டியாக இருந்தால் நான் 106-ஐத் தொட்டிருக்கமாட்டேன், 108-ஐக்கூட முயன்று பார்த்திருப்பேன். இவருக்கு 104 என்று முடிவு செய்தேன்.

ஒற்றைக் கேம் எஞ்சினில் ஒரு கட்டுப்பாடு உண்டு. இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே தண்டில். ஒன்றை நகர்த்தினால் மற்றதும் நகரும். 104-இல் எக்ஸாஸ்ட் சென்டர்லைன் 112 ஆகிவிடும், அது சரியாக டாப் சென்டரில் மூடும். இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் ஓவர்லேப் 8 டிகிரி, அது மாறாது, ஏனென்றால் அது கேமை அரைக்கும்போதே தீர்ந்துபோன கணக்கு. இரட்டைக் கேம் எஞ்சினில் இரண்டையும் தனித்தனியே வைக்கலாம், அங்கே ஓவர்லேப்பும் நம் கையில்.

முன்னுக்கு நகர்த்துவதில் ஆபத்து ஒன்று. இன்டேக் வால்வு பிஸ்டனை நெருங்கும். ஹெட் வேறு 0.8 மி.மீ. இறங்கியிருக்கிறது, கேமின் எழுச்சியும் பழையதைவிட அதிகம். ஸ்டேஷனரிக் கடையில் பிள்ளைகள் விளையாடுகிற மெழுகுக் களிமண் வாங்கி, ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் வால்வு வருகிற இடத்தில் கட்டைவிரல் அளவுக்கு அப்பினேன். களிமண்மேல் ஒரு சொட்டு எண்ணெய், இல்லாவிட்டால் வால்வோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை வைத்து, டேப்பட் இடைவெளி சரிபார்த்து, கையால் இரண்டு முழுச் சுற்று. ஹெட்டைத் தூக்கினால் களிமண்ணில் வால்வின் பிறைத் தடம் அச்சாக விழுந்திருந்தது. பிளேடால் குறுக்கே வெட்டி, மெலிந்த இடத்தை வெர்னியரில் அளந்தேன். 104-இல் இன்டேக் 2.4 மி.மீ., எக்ஸாஸ்ட் 3.3 மி.மீ. இன்டேக்குக்கு 2 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 2.5 மி.மீ. குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். எக்ஸாஸ்டுக்கு ஏன் அதிகம் என்றால், எஞ்சின் அளவுக்குமேல் சுற்றி ஸ்பிரிங் தளர்ந்தால், பிஸ்டன் துரத்திக்கொண்டு மேலே வருவது எக்ஸாஸ்ட் வால்வைத்தான். கூடவே முழு எழுச்சியில் ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே 1 மி.மீ.க்கு மேல் மிச்சம் இருக்கிறதா என்றும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன். இருந்தது.

கோட்டுக் கணக்கு

புல்லியை நகர்த்துகிற வேலையைப் பையனிடம் விட்டேன். களிமண் வைப்பதற்கு முன் நடந்தது இது. 111.5-இலிருந்து 104-க்கு 7.5 டிகிரி. புல்லியில் கோடு கோடாக டிகிரி போட்டிருக்கிறது. அவன் ஏழரைக் கோடு நகர்த்திவிட்டு, “வச்சுட்டேண்ணே, சுத்தட்டுமா?” என்று கேட்டான்.

“எந்த டிகிரிடா அது? கேம் டிகிரியா, கிராங்க் டிகிரியா?”

அவன் முழித்தான். அந்தப் புல்லியின் கோடுகள் கேம் டிகிரி. ஏழரைக் கோடு என்றால் கிராங்கில் 15 டிகிரி, சென்டர்லைன் 96.5-க்குப் போயிருக்கும். இன்டேக் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே 2 மி.மீ.கூட மிஞ்சியிருக்காது. அவனைத் திட்டவில்லை. புல்லியில் எந்த டிகிரி என்று எழுதாதவர்கள்மேல்தான் கோபம் வந்தது. எந்தப் புல்லி வந்தாலும் ஒரு கோடு நகர்த்தி, தட்டில் எவ்வளவு மாறுகிறது என்று முதலில் பார்த்துவிடவேண்டும் என்று அவனையே செய்யவைத்தேன். ஒரு கோடு, 2 டிகிரி. அவனே கணக்குப் போட்டு மூன்றே முக்கால் கோட்டுக்கு வந்தான். கேமை எஞ்சின் ஓடும் திசையில் முன்னே தள்ளி, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கி, மறுபடி அளந்தால் 65 ஏறும்போது, 143 இறங்கும்போது. சரியாக 104.

பிறகு டிஸ்ட்ரிபியூட்டர். கேம் மொத்தத்தில் 9.5 டிகிரி முன்னே வந்திருக்கிறது, பொறியும் 9.5 டிகிரி முன்னே வந்திருக்கும். அப்படியே ஸ்டார்ட் செய்து மணலில் மிதித்தால் நாக்கிங்கிலேயே பிஸ்டன் போய்விடும். முன்னரே ஸ்லாட்டின் நடுவுக்குத் திருப்பிவைத்து, ஸ்டார்ட் ஆனதும் டைமிங் லைட்டில் 8 டிகிரிக்கு வைத்தேன். லைட்டில் பார்க்கிற புல்லிக் கோடு உண்மையான டாப் சென்டரோடு ஒத்துப்போகிறதா என்பதைத் தட்டு மாட்டியிருந்தபோதே சரிபார்த்து வெள்ளைப் பெயிண்ட் வைத்திருந்தேன்.

ஓட்டிப் பார்த்தது

கம்ப்ரஷன் 138, 138, 139, 137. இன்டேக் மூடும்போது பிஸ்டன் இப்போது ஏறியிருப்பது 5 மி.மீ.தான், முன்பு 8. வேக்குவம் 15, ஊசி லேசாக ஆடுகிறது. ஐடிலிங் 950-க்குக் கீழே இறக்கினால் நடுங்குகிறது, அது இந்தக் கேமின் சுபாவம், அதை அவருக்குச் சொல்லிவிட்டேன். நான்கு மாதத்தில் மாற்றிய ஜெட்டுகளில் மெயின் ஜெட்டைப் பழைய அளவுக்கே திருப்பினேன். கலவை அவ்வளவு அடர்த்தியாக வேண்டியிருந்ததே காற்று சரியாக அடைபடாததால்தான்.

பாம்பன் பாலத்தில் அதே ஏற்றம், அதே மூன்றாம் கியர், அதே 30 கிலோமீட்டர். மிதித்தார், வண்டி ஏறியது. கீழே ரயில் பாலப் பக்கம் தெரிகிற படகுகளை அன்றைக்கு அவர் பார்க்கவே இல்லை, கண் சுற்றுமானியிலேயே இருந்தது. திரும்பி வரும்போது பனங்காட்டு மணல் பாதையில் இறக்கி, முதல் கியரில் நின்ற இடத்திலிருந்து கிளப்பினோம். கிளட்ச் வாடை இல்லை. மேல்சுற்றில் 6000-ஐ ஒட்டி முன்பிருந்த பாய்ச்சல் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார். குறைந்துதான் இருக்கும். “அங்க எங்கண்ணே நான் போகப்போறேன்” என்று அவரே சொன்னார்.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் வண்டியைத் திரும்ப வரவைத்தேன். டேப்பட் இடைவெளி ஒரு எக்ஸாஸ்டில் மட்டும் 0.02 மி.மீ. குறைந்திருந்தது, சரிசெய்தேன். புல்லி போல்ட் ஆறும் அசையவில்லை, போட்ட பெயிண்ட் கோடு உடையாமல் இருந்தது. தட்டை மாட்டி மறுபடி அளந்ததில் சென்டர்லைன் 104.5. புது பெல்ட் படிந்ததில் அரை டிகிரி, அதை அப்படியே விட்டேன். வால்வு கவரின் உள்பக்கத்தில், எண்ணெய் படாத மூலையில், ஆணியால் கீறி எழுதினேன்: இன்டேக் 104.5, டேப்பட் 0.20, 0.25, ஹெட் 0.8 குறைவு. அடுத்து யார் திறந்தாலும் பொட்டைப் பார்ப்பதற்கு முன் அது கண்ணில் படும்.